டொமினிக்கின் முதுகு

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஜோசஃபின் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பதினொரு வருஷமாக அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது நோயாளியை வளைத்துப் பிடிப்பது அவள்தான். இன்று மேசைமேல் இருப்பது அவள் புருஷன் டொமினிக். சொந்தக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். அதனால் இன்று அவளுக்குக் கட்டாய லீவு.

டொமினிக் ரயில்வே கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். விடியற்காலையில் குடல் இறங்கி மாட்டிக்கொண்டது. உடனே அறுத்தாக வேண்டும். மூட்டைத் தூசியில் நெஞ்சு கெட்டவனுக்குக் குளோரோபாரம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடலாம் என்று டாக்டர் வைத்தீஸ்வரன் சொல்லிவிட்டார். முதுகு ஊசி ஒன்றுதான் வழி. அதுவோ இரண்டு தடவை எலும்பில் முட்டித் திரும்பிவிட்டது.

"நன்னா குனியப்பா!" உள்ளே டாக்டரின் குரல் உயர்ந்தது.

"குனிஞ்சுதான் இருக்கேன் சாமி!"

குனிந்துதான் இருந்தான், பாவம். கதவிடுக்கில் பார்த்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இடுப்பை மடக்கி, முதுகைப் பலகையாக விறைத்து, மூட்டை ஏற்றக் காத்திருந்தான். இருபது வருஷமாகக் குனி என்றால் அவனுக்கு அதுதான். புது நர்ஸ் ஜூடித் அழுத்த அழுத்த இன்னும் விறைத்தான்.

"ஜோசஃபின் எங்கே? சட்டம் கெடக்கட்டும், கூப்பிடுங்கோ அவளை!"

அவள் ஓடிப்போய் அவன் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தான்.

"யோவ், மூட்டையெல்லாம் எறக்கியாச்சு. ஞாயித்துக்கெழமை பூசைக்கு முன்னாடி கால் நகம் வெட்டிக்குவியே, அப்படி உக்காரு."

"பிளேடு இல்லியேடி."

"அது டாக்டர்கிட்ட இருக்குது. நீ வெரலைப் பாரு."

வலியோடு வலியாக அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு தளர்ந்து வளைந்தது. ஊசி உள்ளே போனது; முதுகுத்தண்டின் தெளிந்த நீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில், "என் காலு எங்கடி போச்சு?" என்று மிரண்டான். எத்தனையோ பேர் கேட்டு அவள் காது புளித்த கேள்வி. இன்று மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஊசியின் நுனி, மருந்தின் எடை, நோயாளி உட்காரும் விதம் என்று, ஊசி பலித்ததற்கான காரணங்களை டாக்டர் மாணவர்களுக்கு விரல்விட்டுச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் வார்டுக்குக் கிளம்பியது. பின்னாலேயே போன ஜோசஃபினைத் தியேட்டர் பொறுப்பிலிருந்த சிஸ்டர் நோரா மறித்தாள்.

"சொந்தக்காரங்களுக்கு நாலு மணிக்குத்தான்."

"தலையைத் தூக்க விட்றாதீங்க சிஸ்டர். மண்டையிடி வந்துரும்."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வந்ததுதான் வந்தே, தரையைக் கழுவி விட்டுட்டுப் போ. அடுத்த கேஸ் காத்திருக்கு."

ஜோசஃபின் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். டொமினிக்கின் ரத்தம் மேசைக்காலைச் சுற்றி உறையத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியை அதன்மேல் வைத்து அழுத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.