ராகுகாலம் மட்டும் உள்ள காலண்டர்

1

இந்தக் கதை எனக்குச் சிவகாசி பஸ்ஸில் கிடைத்தது. பின் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும்.

"தேதி வேண்டாம், கிழமை வேண்டாம், ஒண்ணுமே வேண்டாம் அண்ணாச்சி. முந்நூத்தி அறுபத்தஞ்சு தாளும் வெள்ளையா இருக்கணும்."

"சாமி படமாவது போடட்டா பாப்பா?"

(இரண்டாவது குரல் என் கைச்சரக்கு. இனி வருவதும் அப்படியே.)

2

அவள் பெயர் யோகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சிவகாசியில் அச்சகம். மகள் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கருத்துருக் கலை படிக்கிறாள். அதற்கு வரையத் தெரிய வேண்டாம். ஏன் வரையவில்லை என்று இரண்டு மணி நேரம் பேசத் தெரிந்தால் போதும். கடைசி வருஷப் படைப்பு: ஒன்றுமே அச்சிடாத தினசரிக் காலண்டர். இதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அப்பா ஆபீஸில் உட்கார்ந்து டைரி ஆர்டர் எடுக்க வேண்டியதுதான்.

யோகேஸ்வரி தன் அகன்ற விழிகளை உயர்த்தி

(அடித்துவிட்டேன். விழியை நான் எங்கே கண்டேன்?)

3

போர்மேன் சங்கரபாண்டியன் முப்பது வருஷமாகக் காலண்டர் அடிப்பவர். வெற்றுத்தாளைக் கட்டி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. சீசன் நெருக்கடியிலும் ஒரு மிஷினை ஒதுக்கினார். பார்சல் தேர்வன்று காலையில்தான் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரித்ததுமே அவள் போன் போட்டாள்.

"என்ன அண்ணாச்சி செஞ்சு வச்சிருக்கீக?"

"தேதி இல்ல, கிழமை இல்ல. நீங்க சொன்னபடிதான பாப்பா?"

"தாளுக்குத் தாள் ராகுகாலம் போட்டிருக்கே!"

"அதுவும் இல்லாம நம்ம கம்பெனியில இருந்து ஒரு காலண்டர் வெளிய போனா, ஊர்ல காறித் துப்ப மாட்டாகளா?"

ஆக, அது என்ன நாள் என்று சொல்லாது. எந்த நேரம் ஆகாது என்று மட்டும் சொல்லும்.

4

தேர்வாளர் லட்சுமிகாந்தம் பத்துத் தாள் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளை எடுத்துட்டுப் பயத்தை மட்டும் விட்டு வச்சிருக்கே. பிரமாதம்மா! யாரோட யோசனை இது? இங்கே யோசனைதானே படைப்பு. மார்க்கும் அதுக்குத்தான்."

முடிவு அ: "என்னோடதுதான் சார்." பட்டம்.

முடிவு ஆ: "எங்க போர்மேனோடது சார்." மார்க் பட்டியலில் சங்கரபாண்டியனுக்குக் கட்டம் கிடையாது. டைரி ஆர்டர்.

முடிவு இ: உண்மையைக் கேட்டு நெகிழ்ந்த லட்சுமிகாந்தம் இருவருக்கும்

(வேண்டாம். மார்க் போடுகிறவர் நெகிழ்ந்ததாக எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

5

அவள் கையில் போன் அடிக்கிறது.

"பாப்பா, மனசு கேக்கல. முந்திரிக்கொட்டையாட்டம் அடிச்சுப்புட்டேன். வாத்தியாரு ஏசுனா தப்பு என்னோடதுன்னு சொல்லிருங்க. என் பேரைத் தெளிவாச் சொல்லுங்க, சங்கரபாண்டியன்னு."

லட்சுமிகாந்தம் பேனாவைத் திறந்துவிட்டார். "சொல்லும்மா. யாரோடது?"

"சார், அது வந்து..."

அடுத்த வரியை நான் எழுதப் போவதில்லை. அவளுக்காக நீங்களே சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள், சங்கரபாண்டியன் இன்னும் போனை வைக்கவில்லை.