வயதுக்கு மீறிய அறிவு

வியாழக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்கு அவர்களின் உரிமைகளைச் சொல்லித் தருகிறேன். மற்ற நாட்களில் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, அதே உரிமைகள் எப்படிப் பறிபோகின்றன என்று பார்த்து, கீழே கையெழுத்துப் போடுகிறேன். பதினோரு வருஷமாக இதற்குச் சம்பளம் வாங்குகிறேன். சமூக உதவியாளர் என்று பெயர். யாருக்கு உதவி என்று மட்டும் கேட்காதீர்கள்.

அட்லஸ் மலைக் கிராமங்களிலிருந்து எங்கள் ஊருக்குப் படிக்க வரும் பெண்களின் விடுதியில்தான் வகுப்பு. அங்கே என்னை மரியாதையாக ‘லல்லா’ என்பார்கள், நாம் ‘அம்மா’ என்பது போல. போன மார்ச்சில் ஒரு நாள், "விளையாடறதும் உங்க உரிமை" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து தூதா கை தூக்கினாள். அவள் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிடும்.

"லல்லா, நான் விளையாடப் போயிட்டா ஆட்டை யாரு மேய்ப்பா? எங்கப்பாவுக்கும் ஒரு வகுப்பு எடுங்களேன்."

"வரச் சொல்லு, எடுக்கறேன்."

"டீயில மூணு கட்டி சர்க்கரை போடுவீங்களா? அப்பத்தான் வருவாரு."

சிரிப்பு அடங்கியதும், பக்கத்தில் இருந்த இட்டோ சிரிக்காமல் கேட்டாள்: "பதினெட்டுக்கு முன்னாடி கட்டி வைக்கணும்னா நீதிபதி அனுமதி வேணும்னீங்களே. அவரு என்னைக் கேப்பாரா, எங்கப்பாவைக் கேப்பாரா?"

அவளுக்குப் பதினாறு வயது. கணக்கில் விடுதியிலேயே முதல். பெனி மெல்லால் நகரத்தில் டயர் கடை வைத்திருக்கும் முப்பத்துநாலு வயது ஆளுக்கு அவளைத் தருவதாக அவள் அப்பா அஸ்ஸு வாக்குக் கொடுத்திருந்தார். அனுமதி கேட்டு அவர் போட்ட மனு என் மேசையில்தான் கிடந்தது.

"ரெண்டு பேரையும் கேப்பாரு. உன்னைக் கேக்கறப்ப தலையைக் குனியாதே. குனிஞ்சா வெட்கத்துல சம்மதம்னு எழுதிக்குவாங்க. வேணாம்னா நிமிர்ந்து நின்னு தெளிவாச் சொல்லு."

நானே குரலைக் கரகரப்பாக்கி நீதிபதியாக நடித்தேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இட்டோ மட்டும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை குரல் நடுங்கவில்லை. போதாததற்கு, என் விசாரணை அறிக்கையில் ‘வயதுக்கு மீறிய அறிவு, படிப்பைத் தொடர வேண்டிய பெண்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

விசாரணை நாளில் அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. உடம்பு பெரிதாகத் தெரியட்டும் என்று அம்மா ஜெல்லாபா அங்கிக்குள் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருந்தாள். கண்ணில் மை, காலில் சித்தியின் குதி உயர்ந்த செருப்பு. இங்கே வரும் அம்மாக்கள் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். சந்தைக்குப் போகும் ஆட்டுக்கு உப்பும் தண்ணீரும் காட்டி வயிற்றை உப்ப வைப்பதில்லையா, அந்த மாதிரி. டாக்டர் ஒற்றை வரியில் சான்று எழுதியிருந்தார்: ‘உடல் திருமணத்துக்குத் தகுதியானது.’

நீதிபதி எண்ணெயில் பொரித்த மாவு வளையத்தைப் பிய்த்துத் தின்றபடி கோப்பைப் புரட்டினார். விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய். பிறகு அவளைச் செருப்பிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"என்ன பாப்பா, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?"

இட்டோ தலையைக் குனியவில்லை. "எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம் அய்யா. சட்டத்துல பதினெட்டுன்னுதான் இருக்கு. என் நன்மைக்காக இருந்தா மட்டுந்தான் நீங்க விலக்குத் தரலாம். என் நன்மை என்னன்னு நான் சொல்றேன். நான் படிக்கணும்."

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கை தட்டியது நீதிபதி.

"மாஷா அல்லாஹ்! அஸ்ஸு, நாலு வக்கீலுக்குச் சமமாப் பெத்து வச்சிருக்கியேப்பா! இதைப் போயி குழந்தைங்கறாங்க. என் சம்சாரம்கூட இப்படி எடுத்துப் பேச மாட்டா." எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்கோ. பெண் வயதுக்கு மீறிய அறிவும் மனமுதிர்ச்சியும் உடையவள். குடும்பப் பொறுப்பேற்கத் தகுதியானவள்."

"அய்யா, அவ வேணாம்னுல்ல சொல்றா!" என்று நான் எழுந்தேன்.

"நான் அனுமதிதாம்மா தர்றேன், கட்டியா வைக்கறேன்? சம்மதமா இல்லையான்னு ஒப்பந்தம் எழுதறவங்ககிட்ட சொல்லிக்கட்டும். அறிவுன்னு அடிக்கோடு போட்டது யாரு? நீதானே?"

அனுமதி தந்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது. மூன்றாம் நாள் அப்பா பக்கத்தில் நிற்க, இட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். நல்ல கையெழுத்து அவளுக்கு.

அடுத்த வியாழக்கிழமை நான் வகுப்பை ரத்து செய்யவில்லை. செய்திருக்கலாம். உள்ளே போனதும் தூதா எழுந்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கத் தயாராக இல்லை.

"லல்லா, எங்கப்பாவும் மனுப் போட்டுட்டாரு. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. புத்தியில்லாதவ மாதிரி எப்படி நிக்கறதுன்னு சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேன். ஆமாம், குழந்தைகள் உரிமை வகுப்பில், அரசாங்கச் சம்பளத்தில். வாயைக் கொஞ்சம் திறந்து வை. பேர் கேட்டால் அம்மாவைப் பார். வயது கேட்டால் விரலை எண்ணி, நடுவில் மறந்துபோ. ஒருத்திகூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை தூதா என்னைவிட நன்றாகவே நடித்தாள். ஒன்பதில் தொடங்கி நாலுக்குப் போய், ஆட்டின் பெயரைச் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நீதிபதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். அவள் அப்பாவிடம் நல்லபடியாக நாலு வார்த்தைகூடப் பேசினார். பிறகு எழுத்தரைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதிக்கோ. பெண்ணுக்குப் படிப்பு ஏறாது. திருமணமே இவளுக்கு நலம்."