ஆழ்ந்த அனுதாபங்களுடன், வெர்லின் ஹாகன்

மனைவி மார்லிஸ் இறந்த நான்காம் நாள் காலையில், வெர்லின் ஹாகன் தபால் பெட்டியிலிருந்து எடுத்த பதினேழு உறைகளில் ஒன்று வெர்லின் ஹாகனிடமிருந்து வந்திருந்தது.

விஸ்கான்சினின் பால்பண்ணைத் தொகுதி ஒன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகிக்கொண்டிருப்பவர் அவர். தொகுதியில் யார் இறந்தாலும் மூன்றே நாளில் அவருடைய இரங்கல் கடிதம் வீட்டுக்குப் போய்விடும். அலுவலகத்தில் மரண அறிவிப்புகளைப் பார்த்துப் பட்டியல் எடுப்பார்கள். ஒரு இயந்திரம் கடிதத்தை அச்சடிக்கும். இன்னொன்று நீல மசியில் அவர் கையெழுத்தைப் போடும், துக்கத்தில் கை லேசாக நடுங்கியது போல. இரண்டாவது தேர்தலில் அவரைக் காப்பாற்றியதே அந்த நடுக்கம்தான் என்று கட்சியில் ஒரு பேச்சு உண்டு.

‘தங்கள் அன்புக்குரிய மார்லிஸ் ஹாகன் அவர்களை நெருங்கி அறியும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. ஆயினும்...’

அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பாளர் பெவர்லி, நாளைய இறுதிச் சடங்குக்காக அவர் வீட்டுச் சமையலறையில் பன்களுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பட்டியலை நான்தான் சார் சரிபார்ப்பேன். மூணு நாளா இங்கயே இருக்கேன்ல.”

“பன்னோட.”

“முந்நூறு பன்னு சார்.”

“வாசகம் நல்லாத்தான் இருக்கு.”

“நீங்க எழுதினதுதானே சார்.”

மகள் காரின், கடிதத்தை வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“இதுல தப்பா ஒண்ணும் இல்லியேப்பா,” என்றாள். பிறகு, “நாளைக்கு நீங்க பேசணும். அம்மாவைப் பத்தி மட்டும். ‘என் அருமை மக்களே’ன்னு ஆரம்பிச்சீங்கன்னா கோட்டு மாட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் என்னைத் தேடாதீங்க.”

பகல் முழுக்க ஒரு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார். தொகுதியில் எந்தப் பண்ணைக்காரருக்கு எந்த முழங்காலில் வலி என்பது அவருக்குத் தெரியும். மார்லிஸை நினைத்தால் மேடைதான் வந்தது. இடப்பக்கம், அரையடி பின்னால் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். வாஷிங்டனிலிருந்து தினமும் போனில், “இன்னைக்கு என்ன பண்ணினே?” என்று கேட்பார். கேட்கத் தவறியதே இல்லை. அவள் சொன்ன பதில்களில் ஒன்றாவது நினைவுக்கு வருமா என்று பார்த்தார். கேள்வி மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது.

மறுநாள் தேவாலயம் நிறைந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தன் பழக்கத்துக்குப் போயிற்று. “என் அருமை...” என்றார். முன்வரிசையில் இருந்த மகள், கோட்டின் ஒரு கைக்குள் கையை நுழைத்தாள்.

அவர் நிறுத்தினார்.

“எனக்கு அவளைப் பத்திச் சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.”

அந்த ஊரில் யாரும் சட்டென்று வாய் திறப்பவர்கள் அல்ல. கடைசியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டன் எழுந்தார்.

“பிள்ளைங்களை ஏத்தாம நான் கிளம்பிட்டேன்னா, லைப்ரரி வாசல்லேர்ந்து மார்லிஸ் ஒரு விசில் அடிப்பாங்க. ரெண்டு விரலை வாயில வச்சு. ரெண்டு தெரு தள்ளிக் கேட்கும்.”

“மார்லிஸா?”

“ஏன், நீங்க கேட்டதில்லியா?”

“இல்லை.”

பொது மேடையில் அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எப்படின்னா...” என்று ஆர்டன் வாயில் விரலை வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

காரின், கோட்டிலிருந்து கையை உருவினாள். இரண்டு விரலை நாக்கின் அடியில் மடித்து வைத்து, தேவாலயம் என்றும் பாராமல், ஊதினாள்.

அந்த ஓசை உத்திரத்தில் மோதி அடங்கியபோது, பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார் ஹாகன். பனியில் நின்ற யாருடைய வண்டியிலோ ஒரு நாய் எழுந்து, கண்ணாடியில் முன்னங்கால்களை ஊன்றி, காதை விறைத்துக்கொண்டு, தேவாலயக் கதவையே பார்த்தபடி நின்றிருந்தது.