விளக்குக்கு ஆட்டிய கை

எதிர்வீட்டு ஹாலில், டிவி வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அண்ணன் உக்கிரபாண்டி ஜன்னல் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டியபோது மொக்கையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. எழுமலைப் பக்கம் குலசாமி கோயிலில், மாசிப் பச்சைத் திருவிழாவன்று பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று தொடங்கிய சண்டை. பசுமலையில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஒருத்தர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். “அவரா ஒரு தடவ கூப்பிடட்டும், அடுத்த நிமிசம் போறேன்” என்று மொக்கையன் வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதோ, கூப்பிட்டுவிட்டார். செருப்புகூட மாட்டாமல் கேட் வரைக்கும் ஓடினார் மொக்கையன். அதற்குள் எதிர்வீட்டு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அண்ணன் கையை இறக்கிவிட்டு டிவியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் எலக்ட்ரீசியன் தௌஹீத்தான் விஷயத்தைச் சொன்னான். “அந்த ஹால் லைட்டு அவுக மகன் சூரியபிரகாஷ் சென்னையில இருந்து மாட்டச் சொன்னதுண்ணே. ஆள் அசைஞ்சா தானா எரியும். அஞ்சு நிமிசம் அசையாம இருந்தா, ஆளே இல்லன்னு நெனச்சு அணைச்சிரும். கையத் தூக்குனா மறுபடியும் எரியும்.”

மொக்கையனுக்கு மானமே போன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கை மேலே போகும்போதெல்லாம், “பாருடி, லைட்டுக்குக் கும்பிடு போடுறாரு” என்று மனைவி முனீஸ்வரியிடம் நக்கலடிப்பார். அடித்துவிட்டு, அவரே திரும்பவும் அந்த ஜன்னலைத்தான் பார்ப்பார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, பொழுது சாய்ந்த நேரம். எதிர்வீட்டில் கை மேலே போனது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.

“ஏங்க, அவுகளப் பாத்தா என்னமோ மாதிரி இருக்கு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள் முனீஸ்வரி.

“லைட்டு மக்கர் பண்ணுதுடி. அதுக்கு நான் எதுக்குப் போகணும்?” மொக்கையன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காபியைக் குடித்தார்.

காலையில் அண்ணன் வீட்டு கேட்டில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் தொங்கியது. “சித்தப்பா, அப்பா போன எடுக்க மாட்டேங்குறாரு” என்று சூரியபிரகாஷ் சென்னையிலிருந்து அலறினான். கதவை உடைத்து உள்ளே போனார்கள். உக்கிரபாண்டி ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு, நேற்றுச் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

கருமாதி முடிந்து, சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு மகன் சென்னைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில், பூட்டிக் கிடந்த அந்த ஹாலில் விளக்கு எரிந்தது. ஐந்து நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது. முனீஸ்வரி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் தௌஹீத் வந்து ஏணி போட்டுப் பார்த்தான். “பல்லி ஓடுனாக்கூட சில நேரம் எரியும்ணே. பல்லி ஏதும் இல்லையே” என்றவன், போனை எடுத்தான். “எப்ப எரிஞ்சுச்சு, எப்ப அணைஞ்சுச்சு, எல்லாம் இதுல பதிவாகியிருக்கும்.” விரலால் தள்ளிக்கொண்டே போனான். “ஒரு கோளாறும் இல்லண்ணே. பெரியவரு தவறுன அன்னைக்குக்கூட ஒழுங்காத்தான் எரிஞ்சிருக்கு. ஆறரைக்கு எரிஞ்ச லைட்டு, ஏழே கால் வரைக்கும் ஒரு தடவகூட அணையல.”

மொக்கையன் ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். அன்றைக்கு அந்த ஹால் வெளிச்சமாகத்தான் இருந்தது. விரல்கள்கூடத் தெரிந்தனவே. எரிகிற விளக்குக்கு யார் கை தூக்குவார்கள்? மூன்று வருஷமாகக் காத்துக் கிடந்த அழைப்பு வந்த நேரத்தில், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காபி குடித்தவன் நான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று பொழுது சாய்ந்ததும் தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே நுழைந்ததும் விளக்கு எரிந்தது. அவர் வந்ததற்கு எரிந்தது, அதில் ஒன்றும் இல்லை. அண்ணனின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

ஐந்து நிமிஷம் ஆனதும் விளக்கு அணைந்தது. இருட்டில் அவர் அசையவே இல்லை. கை இடுக்கிய இடத்திலேயே இருந்தது.

விளக்கு எரிந்தது.

“வந்துட்டேண்ணே” என்றார் மொக்கையன்.