ஐந்தைத் தாண்டிய கடுதாசி

என்னை ஏமாற்ற முடியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அப்பாவின் துணிக்கடையில் பத்து வயதிலேயே எனக்கு ஒரு வேலை உண்டு. உள்ளே வருகிறவரில் யார் வாங்க வந்தவர், யார் வெயிலுக்கு ஒதுங்கியவர் என்று அப்பாவுக்குக் கண் காட்டுவது. துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பவர் வாங்குவார். வாசலில் நின்றே விலை கேட்பவர் வாங்கமாட்டார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவது ஆளைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்தக் கண்ணை நம்பித்தான் மெயில் சர்வர் தொழிலுக்கு வந்தேன். பூட்டுக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் மெஷின்களும் அவற்றின் இரைச்சலும். இன்னொன்றில் நானும் என் கூட்டாளி சிடுமூஞ்சியும். பல் டாக்டர், அச்சகக்காரர், நாலைந்து பள்ளிக்கூடம் என்று முந்நூறு பேர் எங்களிடம் மெயில் விலாசம் வைத்திருக்கிறார்கள். வருவதில் எது நிஜம், எது ஸ்பேம் என்று பிரிக்கிற வடிகட்டி என் கைவேலை. ஒவ்வொரு மெயிலுக்கும் அது மார்க் போடும். சந்தேகம் கூடக்கூட மார்க் கூடும். எட்டு வரை உள்ளே விடும்.

ஒரு நாள் பல் டாக்டர் போன் செய்தார். "என்னப்பா, நான் நேரம் சொல்லி அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருதே. என் பேஷண்டுங்க பல்லைப் பிடிச்சுக்கிட்டு வீட்லயே உக்காந்திருக்காங்க."

விசாரித்தால், உலகத்தில் பாதிப்பேர் மெயில் வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் சர்வரையே ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வந்தது போனது எல்லாம் பதிவாகும் லாகைச் சிடுமூஞ்சி புரட்டிவிட்டுச் சொன்னான். "தையல் டீச்சர்."

டீச்சர் எங்கள் முதல் வாடிக்கை. பதினைந்து வருஷமாக ஒரே விலாசம். அதற்கு வருவதை எல்லாம், அந்தப் பெரிய கம்பெனியில் அவர் வைத்திருக்கும் பெட்டிக்கு நாங்கள் ஃபார்வர்ட் செய்கிறோம். தையல் வகுப்பு நோட்டீஸ் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அச்சடித்த விலாசம் என்பதால் தினமும் தொண்ணூறு குப்பையாவது வரும். எவனோ எழுதியதை நாங்கள் சுமந்துபோய்க் கொடுக்க, வாங்குகிறவன் கண்ணுக்கு நாங்கள்தான் எழுதியவர்கள்.

"ஃபார்வர்டை வெட்டு," என்றான்.

"முதல் வாடிக்கைய்யா. வெட்டவேணாம், வடிகட்டிக் கொடுக்கலாம்."

எட்டு மார்க்கில் இருந்த வரம்பை அவருக்கு மட்டும் ஐந்தாக இறக்கினேன். ஐந்தைத் தாண்டினால் அழித்துவிடு என்று எழுதினேன். திருப்பி அனுப்ப முடியாது. ஸ்பேம்காரன் போடுவது அடுத்தவன் விலாசம், திருப்பினால் அந்தப் பாவப்பட்டவன் தலையில் போய் விழும்.

"அழிக்காம ஒரு மாசம் தனியா போட்டு வையேன்," என்றான் சிடுமூஞ்சி.

"குப்பையை எவனாவது பீரோவுல வச்சுப் பூட்டுவானா?"

அவன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

டீச்சருக்குப் போனில் விளக்கினேன். "நல்லது ஏதும் போயிடாதே தம்பி?" என்றார்.

"போச்சுன்னா மீசையை எடுத்துடறேன் டீச்சர்."

பட்டியலில் இருந்து எங்களை எடுத்தார்கள். பல் டாக்டரின் பேஷண்டுகள் நேரத்துக்கு வாயைத் திறந்தார்கள். இரண்டு மாதம் போயிற்று. ஒரு காலை டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"அந்த விலாசத்தை மூடிடுப்பா."

"ஏன் டீச்சர், நம்ம சேவை சரியில்லையா?"

"அதுக்கு இனிமே வேலை இல்லை. என் தங்கச்சியோட பேச்சு நின்னு ஏழு வருஷம். தப்பு என் மேலதான். அவ கல்யாணத்துக்கு நான் போகலை. ரெண்டு மாசம் முன்னாடி மன்னிப்புக் கேட்டுத் தபால்ல எழுதினேன். இந்த விலாசத்தைக் கொடுத்து, மனசு இருந்தா எழுது, இல்லைன்னா இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்னு." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "எழுதலை. அவளைக் குத்தம் சொல்ல முடியாதுப்பா."

நான் வரம்பை இறக்கியும் இரண்டு மாதம். நாளைக்கு மூடுகிறேன் என்று அனுப்பிவிட்டு லாகைத் திறந்தேன்.

அழித்தவற்றில் ஒரே ஆளிடமிருந்து நாலு மெயில். புதிதாகத் தொடங்கிய விலாசம், ஒன்றரை மார்க். உள்ளே ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் படம். வார்த்தையை வடிகட்டி பிடித்துவிடும் என்று படத்துக்குள் ஒளிப்பது ஸ்பேம்காரன் வித்தை, அதற்கு இரண்டரை. நடுநிசியில் வந்தது, தலைப்பு காலி, இன்னும் ஒன்று புள்ளி மூன்று. மொத்தம் ஐந்து புள்ளி மூன்று. பழைய வரம்பில் தாராளமாக உள்ளே போயிருக்கும்.

படத்தின் பெயர் மட்டும் லாகில் மிச்சம் இருந்தது: கடுதாசி ஒன்று, கடுதாசி இரண்டு. தமிழில் தட்டத் தெரியாதவர் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் தலைப்பு இருந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ். எந்த மொழியிலும் சேராத வார்த்தை என்று அதற்கும் என் வடிகட்டி மார்க் போட்டிருந்தது.

மூன்றாவது: அக்கா கிடைச்சுதா.

நாலாவது: சரிக்கா இனி எழுதல.

சிடுமூஞ்சி தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "தங்கச்சிக்கு நீயே ஒரு மெயில் போடு. சர்வர் கோளாறு, திரும்ப அனுப்புங்கன்னு. டீச்சருக்கு லேட்டா வந்த மாதிரி ஆயிடும்," என்றான்.

நல்ல யோசனை. கறை பட்ட துணியைக் கறை உள்ளே போகும்படி மடித்துக் கொடுப்பதை நான் சின்ன வயதிலேயே கற்றவன். பாதி எழுதியும்விட்டேன். 'அன்புள்ள சகோதரிக்கு' என்று தொடங்கியதைப் படித்தால் அசல் ஸ்பேம் மாதிரியே இருந்தது. அழித்தேன்.

டீச்சர் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல, ஓடிய தையல் நின்றது.

"நாலு தடவையா?"

"நாலு."

"தேதி சொல்லு." சொன்னேன். முதல் மெயில், அவர் கடுதாசி போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய அன்றைக்கே வந்திருந்தது.

"தலைப்பைப் படி." படித்தேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

"இது மட்டும்தானா தம்பி? இல்லை, இந்த ரெண்டு மாசத்துல வேற யாரோடதும்..."

அழித்தவை ஐயாயிரத்துக்கு மேல். "தெரியலை டீச்சர்," என்றேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வாடிக்கையிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவர் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினார். நான் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். எழுதி முடித்து நீட்டினார். "போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பு. என் விலாசத்துல இருந்து."

"கூடவே ரெண்டு வரி தட்டிடலாம் டீச்சர். வெறும் படம்னா அந்தப் பக்கத்துல..."

"அவ கையால எழுதினா. நானும் கையாலதான்."

அனுப்பினேன். வெளியே போகிற மெயிலையும் என் வடிகட்டிதான் சோதிக்கும். டீச்சர் கண்ணெதிரே நிறுத்தி வைத்தது: ஐந்து புள்ளி ஒன்று. நானே என் விரலால் விடுவித்தேன். அன்றைக்கு முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மீசை அப்படியே இருக்கே."

"சாயங்காலம் எடுத்துடறேன்."

"எடு," என்றார். சிரிக்கவில்லை. "போயிடுச்சா?"

"நம்ம கையை விட்டுப் போயிடுச்சு."

"அங்க?"

அந்தப் பக்கத்திலும் ஒரு சர்வர் இருக்கும். அதற்குள் ஒரு வடிகட்டி. அதை எழுதியவன் என்னைப் போலவே கெட்டிக்காரனாக இருந்துவிடக்கூடாதே என்று இருந்தது.

"தெரியலை டீச்சர்," என்றேன். "பதில் வர்ற வரைக்கும் உங்களுக்கு வர்ற எல்லாத்தையும் நானே படிச்சுப் பார்த்து அனுப்புறேன்."

இன்றோடு பதினோரு நாள். மேலுதடு இன்னும் கூசுகிறது. காலையில் தொண்ணூற்று நாலு வந்திருந்தது. எழுபதாவதைத் திறந்துகொண்டிருக்கிறேன்.