குறுக்கே நின்ற தாய்மாமன்

கருத்தக்கண்ணன் குறுக்கே நின்றால் காற்றும் அவரைத் தாண்டிப் போகாது. இது தெரியவந்தது அவர் ஊர் திரும்பிய வாரத்தில். மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஆடிக்காற்று அவர் நெஞ்சுவரை வந்து முட்டி நின்றுவிட்டது. பின்னால் கொடியில் கிடந்த துணி ஒன்றுகூட அசையவில்லை. அக்கா இருளாயி வந்து பார்த்தாள். "தம்பி, செத்த தள்ளி நில்லு, துணி காயட்டும்" என்றாள். தள்ளி நின்றார், காய்ந்தது. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பன்னிரண்டு வருஷம் அவர் பின்லாந்தில் சம்பளத்துக்கு ஆடியது ஐஸ் ஹாக்கி. பனித்தரையில், காலில் கத்தி கட்டிக்கொண்டு, ரப்பர் வில்லையை மட்டையால் விரட்டுகிற ஆட்டம். அதில் இவர் தடுப்பாட்டக்காரர். செக்கானூரணிப் பக்கத்து ஆள் அங்கே எப்படிப் போனார் என்றால், அதற்கு முன் கப்பலூரில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். வழுக்கிக்கொண்டு வருகிற ஐஸ் பாரை லாரியில் மோதாமல் காலால் நிறுத்துவது வேலை. பழுதான எந்திரத்தைப் பார்க்க வந்த பின்லாந்துக்காரர் ஒருவர் எந்திரத்தை விட்டுவிட்டு இவரையே நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எந்திரம் பழுதாகவே கிடக்க, இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன இடத்தில் முன்பற்கள் நான்கும் வலது முழங்காலும் போயின. இங்கே, அக்கா மகள் அஸ்வினிக்கு ஏழு வயதில் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாததால் நாற்காலியில் அவர் போட்டோவை வைத்து அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அவள் பெரியவளானபோது அவர் செய்யவேண்டிய சீரைக் கூரியர்க்காரர் கொண்டுவந்து இறக்கினார்.

திரும்பி வந்தவருக்கு ஊர் ஒரு குறையும் வைக்கவில்லை. பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். யாரோ ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டையோடு நிற்க, அந்த உடம்பில் இவர் தலை இருந்தது. டீக்கடையில் பேச்சிமுத்துதான் முதலில் கேட்டார். "அண்ணே, எத்தன கோல் போட்டீங்க?"

"மூணு."

"ஒரு மேட்ச்லயா?"

"பன்னெண்டு வருசத்துல."

"விடுங்கண்ணே, அங்க குளிரு வேற" என்று பேச்சிமுத்து ஆறுதல் சொன்னார். பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதும் அதே கதைதான். அடித்த கோல்களுக்குக் கட்டம் இருந்தது. போகவிடாத கோல்களை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

ஆனாலும் ஒரு திறமை சும்மா கிடப்பதை ஊர் பொறுக்குமா? ஒரு கட்சிக்காரர்கள் எதிர்க்கோஷ்டி ஊர்வலத்துக்கு முன்னால் இவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊர்வலம் நின்றது. எதிர்க்கோஷ்டியும் சளைத்ததில்லை, மறுநாள் இவர்களுடைய ஊர்வலத்தை மறிக்க அவரையே கூப்பிட்டார்கள். நாட்டில் ஓர் அலுவலகம், பெயர் எதற்கு, மனு வாங்குகிற நாளில் வாசலில் நிற்கச் சொன்னது. அன்று ஒரு மனுவும் உள்ளே போகவில்லை. முந்தின வாரங்களுக்கும் அன்றைக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாததால் அந்த வேலை நிலைக்கவில்லை. எங்கே நிறுத்தினாலும் கருத்தக்கண்ணன் நின்றார், தள்ளி நிற்கச் சொன்னதும் தள்ளி நின்றார். மனசு எதிலும் ஒட்டவில்லை.

இந்த நிலையில் அஸ்வினிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அருண்பாண்டி கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவர். பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போகிற வழியில் தாய்மாமன் காரை மறிப்பது முறை. எனக்குச் சேரவேண்டிய பெண்ணை யாரைக் கேட்டுக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பார், வேட்டி துண்டு வெற்றிலை பாக்கு கொடுத்ததும் ஒதுங்குவார். தம்பி குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்று இருளாயிக்குத் தெரியும். இந்த ஒரு முறையை மட்டும் விட்டுவிடுவோம் என்று சம்பந்தி சிவபாண்டியிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் ஒப்பவில்லை. "தாய்மாமன் மறிக்காம கூட்டிட்டுப் போனா நாதியத்த பொண்ணுன்னுல்ல சொல்லுவாய்ங்க" என்றார்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒட்டிய சாலையில் கருத்தக்கண்ணன் மறித்தார். வேட்டி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். வெற்றிலை கொடுத்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டார். ஒதுங்கவில்லை. காரை மெதுவாக விட்டுப் பார்த்தார்கள், சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. பங்காளிகள் எட்டுப் பேர் தள்ளிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூத்தவளான இருளாயியே கையெடுத்துக் கும்பிட்டாள். "தம்பி, எம்புள்ள வாழ்க்கைப்பா."

"தள்ளணும்னுதான் பாக்குறேன்க்கா. காலு வரமாட்டேங்குது."

பொய் இல்லை. மடியில் உட்கார வைக்காத பிள்ளை அவள். மாமன் என்று அவர் வந்து நின்றது இந்த ஒரு தடவைதான்; ஒதுங்கினால் அதுவும் முடிந்துவிடும்.

சிவபாண்டிதான் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து. பெரிய சண்டை ஒன்று நடந்து முடிந்த பிறகு மறுபடி பார்த்தார். பத்து ஐந்து. எல்லாருடைய செல்போனிலும் அதேதான். நல்ல நேரமும் அவரைத் தாண்டிப் போக முடியாமல் காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும், அவசரம் இல்லையே என்று பாதிக் கூட்டம் இட்லி சாப்பிடப் போனது.

கடைசியில் அஸ்வினி காரைவிட்டு இறங்கி வந்தாள்.

"மாமா, உங்க மேட்ச் அம்புட்டையும் போன்ல பாத்திருக்கேன்."

கருத்தக்கண்ணன் அவளையே பார்த்தார். அந்த ஊரில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்.

"எதிராளி வந்தா நீங்க எங்க ஒதுங்குவீங்க? நின்ன எடத்துலயும் நிக்கமாட்டீங்க. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பின்பக்கமாவேதான போவீங்க. அப்படியே வாங்க மாமா. நான் நடந்து வாரேன்."

முழங்காலை மடக்கினார். கைகளை விரித்து, அவள் முகத்தைவிட்டுக் கண் எடுக்காமல் ஒரு அடி பின்னால் வைத்தார். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். பின்னாலேயே கார், மேளம், சீர்த்தட்டு, பங்காளிகள். சாலை, வாசற்படி, பந்தல் எல்லாம் கடந்து மணவறைவரை அவர் பின்பக்கமாகவே வந்து சேர்ந்தார். ஒரு இடத்திலும் கால் இடறவில்லை. பத்து ஐந்துக்குத் தாலி ஏறியது. பத்து ஐந்துக்கே பந்தி பரிமாறினார்கள். சிவபாண்டி பத்து ஐந்துக்கு மூன்று தடவை சாப்பிட்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கோரிப்பாளையத்துக்குக் கிளம்பக் கார் வாசலுக்கு வந்தது. இந்தத் தடவை தள்ளி நில் என்று யாரும் சொல்லவில்லை. கருத்தக்கண்ணனே கதவைத் திறந்து அவளை உட்கார வைத்து, சேலை முந்தி மாட்டிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினார். "போயிட்டு வாரேன் மாமா" என்றாள். அவர் ஒதுங்கினார். கார் போனது, கூடவே பகல் முழுவதும் போய் உடனே சாயங்காலம் ஆகிவிட்டது. தன்னைத் தாண்டிப் போன ஒன்றை அவர் திரும்பி நின்று பார்த்தது அன்றுதான். கண்ணைத் துடைக்காமல் அழுதார்.

மண்டபத்து மேனேஜர் இருந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறதாம், முகூர்த்தத்தில் ராகுகாலம் இடிக்கிறதாம். வாசலில் கொஞ்சம் நின்று அதை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

கருத்தக்கண்ணன் மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாசலை ஒரு நோட்டம் விட்டார்.

"எந்தப் பக்கமா வரும்?" என்றார்.