கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க

மூன்று கிலோ லென்ஸை, ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போகும் குழந்தையைப்போல மடியில் கிடத்தி, மேலே ஒரு டர்க்கி டவலையும் போர்த்திக்கொண்டு வனத்துறை ஜீப்பின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தான் பிலோமின்ராஜ். முதுமலையில் காலை மணி ஆறரை. பனி மரங்களின் இடுப்பளவுக்கு நின்றிருந்தது. பக்கத்தில் சிவசுப்பிரமணியன் சார். தலையில் இலைதழை அச்சிட்ட தொப்பி, உடம்பில் இலைதழை அச்சிட்ட சட்டை, பதினாலு பை வைத்த கால்சட்டை. விலங்குகளின் கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே வாங்கிய உடுப்பு. காரைக்காலில் புறப்படும்போதே அதை மாட்டிக்கொண்டு வந்ததால், வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்திலெல்லாம் மொத்தக் கடையும் அவரையே பார்த்தது.

சார் கூட்டுறவுத் துறையிலிருந்து ஓய்வுபெற்று நாலு வருடம் ஆகிறது. காரைக்கால் கானுயிர் ஒளிப்படக் கழகத்தின் நிறுவனரும் அவரே, தலைவரும் அவரே. கழகத்தில் மொத்தம் பதினோரு பேர். அரசலாற்றங்கரை மின்கம்பியில் உட்காரும் மீன்கொத்தியைப் பதினோரு பேரும் பதினோரு கோணத்தில் எடுத்து முடித்து, அந்தப் பறவைக்கே அலுத்துப்போய்விட்ட நிலையில்தான் சாருக்குக் கரடி யோசனை வந்தது. பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அழைப்பிதழ் அச்சாகி முந்நூறு பேர் கைக்குப் போயும் சேர்ந்துவிட்டது. 'கரடியின் கண்ணுக்குள்ளே: சிவசுப்பிரமணியனின் ஒளிப்படங்கள்'. அதற்குக் கீழே, விருந்தில் பாயசமும் உண்டு என்பதுபோலச் சின்ன எழுத்தில், 'காட்டெருதும் இடம்பெறும்'. எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது. கரடிக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

"பிலோமின், காட்டப் பத்தின அறிவு என்னுது. வெரல் உன்னுது. நீ சும்மா அமுக்குனாப் போதும்" என்று சொல்லித்தான் அழைத்துவந்தார். படத்தின் கீழே அவர் பெயர் வரும். அதை அவர் ஒளிக்கவுமில்லை, மழுப்பவுமில்லை. மீனை வலை பிடித்ததென்று யாராவது சொல்வார்களா, மீனவன் பிடித்ததென்றுதானே சொல்வார்கள் என்று கேட்டார். வலையாக இருக்கப் பிலோமின்ராஜும் சம்மதித்தான். மார்கழியில் இந்துக்களுக்குக் கல்யாணம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்கும் கிடையாது. சாவுக்குத்தான் சீசன் இல்லை, அதற்குத் தம்பி முறையுள்ள ஒருவனை ஸ்டூடியோவில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தான்.

இருபத்தாறு வருடமாக அவன் தொழில் இதுதான்: மணவறையும் சவப்பெட்டியும். மாதா கோயில் தெரு ஸ்டூடியோவில் அவன் எடுத்த பெண்களின் பிள்ளைகளுக்கே இப்போது அவன்தான் கல்யாணப் படம் எடுக்கிறான். அடக்கத்துக்குப் பெட்டி கிளம்புமுன் குடும்பமே அதைச் சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் கடைசிப் படத்துக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. கதறிக்கொண்டிருக்கும் முப்பது பேரை ஒரே நொடியில் நிமிர வைப்பதற்கென்றே அவனிடம் ஒரு குரல் உண்டு. சத்தமாகவும் இருக்காது, அதட்டலாகவும் இருக்காது. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்பான். அழுகை சட்டென்று நிற்கும். முப்பது முகமும் திரும்பும். சில சமயம் பெட்டிக்குள் இருப்பவரும் திரும்பிவிடுவாரோ என்று அவனுக்கே பயமாக இருக்கும். அமுக்கி முடித்ததும் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தப் படங்களில் எதன் கீழும் அவன் பெயர் வந்ததில்லை. பொண்ணு மாப்பிள்ளை பெயர் வரும், செத்தவர் பெயர் வரும்.

"போயிட்டு வாங்க. பொண்ணையும் பொணத்தையும் பாத்துப்பாத்து உங்க கண்ணே பூத்துப்போச்சு" என்றுதான் மனைவி சலோமி பையில் இட்லிப் பொடி வைத்துக்கொடுத்தாள். பிறகு வாசலில் நின்று கேட்டாள்: "படத்துல உங்க பேரு போடுவாங்கல்ல? உங்க மக ஆன்லின் காலேஜ்ல போயி சொல்லணும்னு நிக்கிறா." அவன் "ம்" என்றான். கல்யாணமான இருபத்துமூன்று வருடத்தில் அவளிடம் அவன் சொன்ன மிகச் சின்னப் பொய் அதுதான். வழி முழுக்க நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி உட்கார்ந்திருந்ததும் அதுதான்.

முதல் நாள் மாலை மான், மயில், மறுபடி மான். காரைக்கால் பஸ் ஸ்டாண்டு ஆட்டை நினைவூட்டும் வகையில் சாவகாசமாகச் சாலையைக் கடந்த இன்னும் நாலு மான். ஜீப் ஓட்டிய அன்பழகனேதான் வழிகாட்டியும். "காட்டுமாடு காலையில வரும் சார்" என்று சொல்லப்போய்ச் சாரிடம் சிக்கிக்கொண்டான்.

"காட்டுமாடு இல்லப்பா. எருமையும் இல்ல. எருது. லத்தீன்ல பாஸ் காரஸ்."

"எந்தப் பேரச் சொன்னாலும் தூரமா நின்னுதான் சார் கூப்பிடணும்" என்றான் அன்பழகன்.

இன்று காலைச் சுற்றுதான் கடைசி. பத்து மணிக்கு ஊர் திரும்ப வண்டி ஏற வேண்டும். பாதி தூரம் போயிருக்கும், அன்பழகன் எஞ்சினை நிறுத்தினான். ஒரு சத்தம் கேட்டது. போர்செட்டில் தண்ணீர் ஏறாமல் மோட்டார் வெறுங்காற்றை உறிஞ்சுமே, அந்த மாதிரி. விட்டுவிட்டு, பெரிதாக, வெட்கமே இல்லாமல். மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் கறையான் புற்று ஒன்று ஆள் உயரத்துக்கு இருந்தது. அதில் தலையை நுழைத்துக்கொண்டிருந்த இருட்டு, மெல்ல வெளியே வந்து கரடியானது.

கரடியின் லத்தீன் பெயரை, மெலர்சஸ் அர்சைனஸ் என்று, கோயம்புத்தூரிலிருந்து மலையேறும்வரை மூன்று முறை சொல்லிக்கொடுத்த சார், "அம்மாடி" என்றார். அவ்வளவுதான் வந்தது. கரடியின் மூக்கெல்லாம் செம்மண். சீவாத தலைபோல உடம்பு முழுக்க முடி, நெஞ்சில் மட்டும் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. புற்றின் பின்னாலிருந்து இரண்டு குட்டிகள் உருண்டு வந்தன. கூட்டமான டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொற்றுகிறவர்களைப்போல ஆளுக்கொரு கொத்து முடியைப் பிடித்து அம்மாவின் முதுகில் ஏறி உட்கார்ந்தன. ஏறியதைச் சரிபார்த்துக்கொள்வதுபோலத் தாய் ஒருமுறை உடம்பை அசைத்துப் பார்த்தது.

பிலோமின்ராஜ் டவலை விலக்கிக் கேமராவைத் தூக்கினான். சாரின் கை குறுக்கே வந்தது.

"குடு. நான் எடுக்குறேன்."

"சார், வெளிச்சம் கம்மி, நான்..."

"குடுய்யா."

குரல் அதிகாரியின் குரலாக இல்லை. பலூன் கேட்கிற பிள்ளையின் குரல். கொடுத்துவிட்டான். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டான். லென்ஸின் விளிம்பு ஜீப்பின் கம்பியில் டகடகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது. சார் முழங்கையைத் தொடையில் ஊன்றினார், மூச்சைப் பிடித்தார், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்தார். கைகள் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தார். லாட்ஜில் டீயை மேஜையில் வைத்தபடியே குனிந்து உறிஞ்சினாரே, வனத்துறைப் பதிவேட்டில் 'கண்ணாடி பையில இருக்கு, நீயே எழுது' என்றாரே, எல்லாவற்றையும் பிலோமின்ராஜ் பெரிய மனுஷத் தோரணை என்றே கணக்கு வைத்திருந்தான். கரடி அந்த டகடகவைக் கேட்டது. ஜீப்பை ஒரு பார்வை பார்த்தது. முதுகில் இரண்டு டிக்கெட்டோடு மூங்கிலுக்குள் நுழைந்து போய்விட்டது.

"பாத்தியா?" என்றார் சார்.

"பாத்தேன் சார்."

கேமரா தானாகவே பிலோமின்ராஜின் மடிக்குத் திரும்பியிருந்தது.

ஒரு வளைவு தாண்டியதும் அன்பழகன் மறுபடி எஞ்சினை அணைத்தான். இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. முதலில் அதைப் பாறையென்றே நினைத்தான் பிலோமின்ராஜ். பிறகு பாறையின் தோலில் ஓர் ஈ உட்கார, அந்த இடம் மட்டும் துடித்து அடங்கியது. கறுப்பென்று சொல்ல முடியாத ஒரு கறுப்பு, எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கியது. தோள் திமில் ஜீப்பின் கூரையைவிட உயரம். முழங்காலிலிருந்து குளம்புவரை நாலு காலும் வெள்ளை வெளேரென்று, சாயம் முக்கியெடுத்த மாதிரி. எத்தனை மாப்பிள்ளைகளைக் கோட்டு சூட்டு போட்டுப் பார்த்திருக்கிறான், ஒருவனுக்கும் உடுப்பு இப்படிப் பொருந்தியதில்லை. ஆனால் தலை புதருக்குள் இருந்தது. தலை இல்லாமல் படம் எடுக்க அவன் கழுத்துக்குக் கீழே அளவெடுக்கும் தையல்காரன் இல்லை.

காத்திருந்தான். கண் லென்ஸில், விரல் பொத்தானில், மனம் எங்கோ. இருபத்தாறு வருடப் பழக்கம் அவனைக் கேட்காமலேயே வாயைத் திறந்தது.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க."

அன்பழகன் விறைத்துப்போனான். புதருக்குள் மெல்லும் சத்தம் நின்றது. தலை வெளியே வந்தது, திரும்பியது, அவனைப் பார்த்தது.

முகமென்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றே இதுவரை நினைத்திருந்தான். தாலி ஏறும் நொடியில் முகம், மூடி ஆணி அடிக்கும் நொடியில் முகம், எல்லாம் கேமராவைக் கண்டதும் வேறாகிவிடும் முகங்கள். இது மாறவில்லை. தன்னைப் பற்றி இவன் என்ன நினைப்பானோ என்ற கவலை ஒரு துளிகூட அந்தக் கண்ணில் இல்லை. மூக்கிலிருந்து ஆவி இரண்டு பக்கமும் புறப்பட்டுப் பனியில் கலந்தது. வாயோரம் பாதி மென்ற ஒரு கொடி தொங்கியது. அந்தப் பார்வைக்கு முன்னால் தானும் தன் ஸ்டூடியோவும், சாரும் சாரின் கழகமும், ஜீப்பும் அரசாங்கமும் எல்லாம் இன்று காலையில் முளைத்தவை என்று பட்டது. உள்ளே ஏதோ மண்டியிட்டது. கோயிலில்கூட அவனுக்கு அப்படி ஆனதில்லை, அங்கே அவன் எப்போதும் கேமராவோடு நின்றிருப்பான். விரல் மறந்துபோனது. எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு நினைவு வந்து, ஒரே ஒருமுறை அமுக்கினான்.

"கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றான் அன்பழகன் மூச்சுக்குரலில். "காட்டுமாட்டுகிட்டயே போஸ் கேட்ட ஆள இப்பதாங்க பாக்குறேன். அசையாதீங்க. அது போற வரைக்கும் நாமளும் போக முடியாது."

அது போவதாக இல்லை. சார் மெதுவாகக் கேமராவின் பின்பக்கத் திரையைத் தன் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கரடிய அழிச்சிடு" என்றார், கிசுகிசுப்பாக.

பிலோமின்ராஜ் கரடிப் படங்களை முதலிலிருந்து தள்ளினான். நாற்பத்தொரு படம். பச்சைக் குழப்பம், கறுப்புத் தீற்றல், மறுபடி பச்சைக் குழப்பம். கடைசியில் ஒன்று. கரடியின் உருவமே இல்லை. கறுப்பு ஒன்று புற்றைவிட்டுக் கிளம்புகிறது, அதன்மேல் இரண்டு சின்னக் கறுப்புகள் ஒட்டிக்கொண்டு கூடவே நடுங்குகின்றன. அவன் விரல் அழிக்கும் பொத்தான்மேல் நின்றது.

"எவ்ளோ நாளா சார்?"

"ரெண்டு வருஷம். வீட்டுல தெரியாது. கழகத்துல தெரியாது." சார் காட்டெருதைப் பார்த்தபடியே சொன்னார். "அழைப்பிதழ் போயிட்டுதேய்யா."

'சரிங்க சார்' என்பதுதான் அடுத்து வரவேண்டிய சொல். பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் துக்க வீட்டாருக்கும் ஆயிரக்கணக்கில் சொன்ன சொல். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே அந்தப் பெரிய முகம் கொடியை மென்றுகொண்டு நின்றது.

"சார், மாடு நான் எடுத்தது. அதுங்கீழ என் பேருதான் வரணும்."

சார் திரும்பிப் பார்த்தார்.

"கரடி நீங்க எடுத்தது. அத நான் அழிக்க மாட்டேன். உங்க பேரப் போட்டு நீங்களே மாட்டுங்க."

"இதையா? பாக்குறவன் என்னய்யா சொல்லுவான்? கலங்கல்ங்குவான்."

"சொல்லட்டும் சார். நெசத்துல அது அப்புடித்தான சார் இருந்துச்சு?"

சார் கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கைகளை மறைக்கவில்லை. திரையின் வெளிச்சத்தில் அவை தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அந்த நாற்பத்தொன்றாவது படத்தை ஒருமுறை பார்த்தார், காட்டெருதின் படத்துக்குப் போனார், மறுபடி கரடிக்கு வந்தார். கட்டைவிரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே போய்ப்போய் வந்தது.

முன்னால் பாதையில் காட்டெருது ஒரு பெருமூச்சு விட்டது. திரும்பி, அவசரமில்லாமல், மரநிழலுக்குள் இறங்கியது. முதலில் கொம்பு போயிற்று, பிறகு திமில், பிறகு அத்தனை பெரிய உடம்பும் இருட்டோடு இருட்டாகக் கரைந்தது. நாலு வெள்ளைக் கால்கள் மட்டும், மேலே சுமக்க எதுவுமே இல்லாததுபோல, பனிக்குள் நிதானமாக நடந்துகொண்டிருந்தன.